நாட்டுத் தலைவரைத் தேரும் முறை

மக்களாட்சியில் ஆட்சிக்கு உரியவர் மக்களே ஆவர். ஆயினும், கோடிக்கணக்கான மக்கள் ஓரிடத்தில் கூடி, நாள்தோறும் நாட்டின் காரியங்களை ஆய்ந்து முடிவு செய்தல் இயலாது. ஆதலின், அவர்கள் தம்முள் சிலரைத் தேர்ந்து, அவர்களிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைக்கின்றனர். அங்ஙனம் தேரும் வழிகள் இரண்டு. மக்கள் தாமே வாக்களித்து ஒருவரைப் பதவியில் அமர்த்துவது நேர்முகத் தேர்தல். மக்கள் முதலில் உறுப்பினர்களைத் தேர, அவ்வுறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்வது மறைமுகத் தேர்தல். நாட்டின் தலைமைப் பதவிக்கு இவ்விரண்டனுள் எது ஏற்றது என்னும் வினா, உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது.

இவ்விரு முறைகளையும் அறிந்துகொள்ள, நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பக்கத்தே நல்லூர் என்னும் ஊர் உளது. அவ்வூரின் பெயரால் ஓர் ஊராட்சி ஒன்றியமும் அமைந்துள்ளது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதியில், கடலூர் மாவட்டம் உட்பட்ட தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. வாக்குச்சாவடிக்குச் சென்ற வாக்காளர் ஒவ்வொருவருக்கும் நான்கு பதவிகளுக்கு வாக்களிக்கும் உரிமை இருந்தது. ஒரு சீட்டு ஊராட்சியின் வார்டு உறுப்பினருக்கு. ஒன்று ஊராட்சித் தலைவருக்கு. ஒன்று ஒன்றியக் குழு உறுப்பினருக்கு. மற்றொன்று மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு.

இந்நான்கனுள் ஊராட்சித் தலைவருக்கு உரிய சீட்டைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதில் முத்திரையிட்ட மக்களே தம் ஊர்த் தலைவரை நேரே தேர்ந்தனர். ஆனால், ஒன்றியக் குழுத் தலைவருக்கென்று அவர்களிடம் தனிச் சீட்டு எதுவும் தரப்படவில்லை. அவர்களால் தேரப்பட்ட ஒன்றியக் குழு உறுப்பினர்களே, பின்னர்த் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தேரும் உரிமை பெற்றனர். ஒரே வாக்காளர், ஒரே நாளில், ஒரே சாவடியில், நேர்முகத் தேர்தலிலும் பங்கு கொண்டார். மறைமுகத் தேர்தலுக்கும் அடிகோலினார்.

நகராட்சிகளின் வரலாறு இதனினும் சுவையுடையது. தமிழ்நாட்டு நகராட்சித் தலைவர்களை 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் நேரே தேர்ந்தனர். 2006-இலும் 2022-இலும் நகர்மன்ற உறுப்பினர்களே தேர்ந்தனர். முறை மாறியும் மீண்டும் வந்ததுமான இந்நிலை ஓர் உண்மையை உணர்த்துகின்றது. இரு முறைகளிலும் நன்மை உண்டு, குறையும் உண்டு. மக்கள் நேரே தேர்ந்த தலைவர் மக்களுக்கே விடை கூறக் கடமைப்பட்டவர். ஆயின், மன்றத்தின் பெரும்பான்மை உறுப்பினர் அவருக்கு மாறாக நின்றால் எந்தத் தீர்மானமும் எளிதில் நிறைவேறாது. உறுப்பினர்கள் தேர்ந்த தலைவருக்கு மன்றத்தின் துணை உண்டு; ஆயின், அவர் மக்களினும் உறுப்பினர் சிலரின் மனநிறைவையே பெரிதாகக் கருத நேரலாம்.

இவ்விடத்தில் தமிழகத்தின் பழைய குடவோலை முறை பலருக்கும் நினைவுக்கு வரும். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையை விரிவாக உரைக்கின்றன. தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இது வாக்களிப்பு அன்று, திருவுளச் சீட்டு. யாருக்கு எத்தனை பேர் ஆதரவு என்பதை அது அளக்கவில்லை. ஆயினும், தகுதி இன்னது, தகுதியின்மை இன்னது என்று முன்னரே வரையறுத்து, அதனைக் கல்லில் வெட்டி வைத்த ஒழுங்கு, தேர்தல் முறை எதுவாயினும் விதிகள் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டுகின்றது.

இனி, இந்தியக் குடியரசுத் தலைவரின் தேர்தலை நோக்குவோம். அவர் நாட்டின் முதற்குடிமகன். முப்படைகளின் தலைமைத் தளபதி. அவர் பெயராலேயே நடுவணரசின் ஆணைகள் பிறக்கின்றன. அத்துணை உயர்ந்த பதவியில் அமர்பவரை நல்லூர் வாக்காளர் நேரே தேர்வதில்லை. அரசியலமைப்பின் 54-ஆவது பிரிவின்படி, அவரைத் தேரும் உரிமை ஒரு தேர்வுக் குழுவுக்கே உண்டு. பாராளுமன்றத்தின் ஈரவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த உறுப்பினரும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் அக்குழுவில் இடம்பெறுவர். டில்லி, புதுச்சேரி ஆகியவற்றின் சட்டமன்ற உறுப்பினரும் 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் இதில் சேர்க்கப்பட்டனர். நியமன உறுப்பினருக்கு இவ்வுரிமை இல்லை. மக்களின் வாக்குப் பெறாதவர், மக்களின் சார்பில் வாக்களித்தல் பொருந்தாது அன்றோ?

இக்குழுவில் எல்லார் வாக்குக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பது இதன் தனித்தன்மை. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வரும் ஈவை மீண்டும் 1,000-ஆல் வகுத்தால், அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்புக் கிடைக்கும். மீதி 500-க்குக் குறையாமல் இருப்பின் ஒன்றைக் கூட்டிக்கொள்வர். 1971-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. சட்டமன்ற உறுப்பினர் 234 பேர். மேற்கூறிய கணக்கைச் செய்தால் கிடைப்பது 176. ஆகவே, தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு 176 வாக்குகளாக எண்ணப்படும். மாநிலம் முழுவதற்கும் 41,184 வாக்குகள். இவ்வாறே உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 208. சிக்கிம் உறுப்பினருடையது 7.

மாநிலங்கள் அனைத்தின் வாக்கு மதிப்பையும் கூட்டி, அத்தொகையைப் பாராளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தொகையால் வகுத்தால், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்புத் தெரியவரும். 2022-ஆம் ஆண்டின் தேர்தலில் 4,033 சட்டமன்ற உறுப்பினரின் மொத்த வாக்கு மதிப்பு 5,43,231. பாராளுமன்ற உறுப்பினர் 776 பேர். ஆதலின், அவருள் ஒருவருக்கு 700, மொத்தம் 5,43,200. இவ்விரு தொகைகளும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தல் தற்செயலாக நேர்ந்தது அன்று. தராசின் ஒரு தட்டில் நடுவண் மன்றமும், மறு தட்டில் மாநிலங்களும் ஒத்த எடையுடன் நிற்றல் வேண்டும் என்று கருதியே சட்டம் வகுத்தோர் இக்கணக்கை அமைத்தனர். அத்தேர்தலில் திரௌபதி முர்மு 6,76,803 வாக்குகளும், யஷ்வந்த் சின்கா 3,80,177 வாக்குகளும் பெற்றனர்.

வாக்களிக்கும் முறையும் பொதுத்தேர்தல் முறையினின்றும் வேறுபட்டது. உறுப்பினர், வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 எனத் தம் விருப்ப வரிசையைக் குறிப்பர். செல்லத்தக்க வாக்குகளின் மதிப்பில் பாதிக்கு மேல் பெறுபவரே வெற்றி பெற்றவர். முதல் விருப்ப வாக்குகளால் எவரும் அவ்வளவைப் பெறாவிடில், மிகக் குறைந்த வாக்குப் பெற்றவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் பெற்றவர்க்கு அவ்வாக்குகளைச் சேர்ப்பர். ஒருவர் பாதியைக் கடக்கும் வரை இது தொடரும்.

இவ்விதி ஏட்டளவில் நின்றுவிட்ட விதியன்று என்பதை 1969-ஆம் ஆண்டின் தேர்தல் மெய்ப்பித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். ஆளுங்கட்சியான காங்கிரசு, நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக நிறுத்தியது. வி. வி. கிரி தனித்து நின்றார். பிரதமர் இந்திரா காந்தி, உறுப்பினர்கள் தம் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்று கூறினார். முதல் எண்ணிக்கையில் கிரி 4,01,515 வாக்குகளும், ரெட்டி 3,13,548 வாக்குகளும், சி. டி. தேஷ்முக் 1,12,769 வாக்குகளும் பெற்றனர். வெற்றிக்கு வேண்டியன 4,18,169. எவரும் அவ்வளவைப் பெறவில்லை. பின்தங்கியோர் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவர்தம் அடுத்த விருப்ப வாக்குகள் சேர்க்கப்பட்டன. இறுதியில் கிரி 4,20,077 வாக்குகளும், ரெட்டி 4,05,427 வாக்குகளும் பெற, கிரி வெற்றியடைந்தார். அத்தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபோது, குடியரசுத் தலைவராயிருந்த கிரி தாமே நேரில் வந்து சாட்சியம் அளித்தார். வழக்கு 1970-இல் தள்ளுபடியாயிற்று.

நேரே மக்களிடம் வாக்குக் கேட்காமல், இத்துணைச் சுற்றுவழியை நம் நாடு மேற்கொண்டது ஏன்? இவ்வினா அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. கே. டி. ஷா என்னும் பொருளியல் அறிஞர், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தே குடியரசுத் தலைவரைத் தேர்தல் வேண்டும் என்று வலியுறுத்தினார். மக்களே இறைமை உடையவர் என்றால், நாட்டின் தலைவர் அவர்களிடமிருந்தே நேராகத் தம் உரிமையைப் பெறுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இது எளிதில் புறந்தள்ளத்தக்க வாதம் அன்று.

இதற்கு மறுமொழி கூறியோருள் முதன்மையானவர் ஜவகர்லால் நேரு. 1947-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் அச்சபையில் விளக்கிய கருத்தின் சாரம் இது: இந்தியா மேற்கொள்ளவிருப்பது அமைச்சரவை ஆட்சி. மெய்யான அதிகாரம் பாராளுமன்றத்திடமும், அதற்குப் பொறுப்பான அமைச்சரவையிடமும் இருக்கும். மக்கள் அனைவரும் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்துவிட்டு, அவருக்கு மெய்யான அதிகாரம் தாராதிருத்தல் முரணாகும். மேலும், அத்தகைய தேர்தலுக்குப் பொருளும் காலமும் பேரளவில் செலவாகும். 1948 டிசம்பரில் நடைபெற்ற விவாதத்தில் அம்பேத்கரும், வாக்காளர் தொகையின் பெருக்கத்தையும், குடியரசுத் தலைவர் பதவியின் இயல்பையும் காட்டி, நேர்முகத் தேர்தல் வேண்டாம் என்றார். அவர்கள் கூறிய இடர்ப்பாடு கற்பனையன்று. 1951–52-ஆம் ஆண்டின் முதற்பொதுத் தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 17 கோடிப் பேர். வாக்குப்பதிவு மட்டும் ஏறக்குறைய நான்கு திங்கள் நீடித்தது.

அங்ஙனமாயின், பாராளுமன்ற உறுப்பினர் மட்டுமே தேர்ந்தால் போதாதோ என்று சிலர் வினவலாம். அவ்வாறு செய்திருந்தால், பாராளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சி பிரதமரையும் தரும். குடியரசுத் தலைவரையும் தானே தரும். நாட்டின் தலைவர் ஒரு கட்சியின் நிழலாகிவிடுவார். மாநிலச் சட்டமன்றங்களையும் சேர்த்தமையால், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மக்களால் தேரப்பட்ட மன்றங்கள் அனைத்தும் அவரைத் தேரும் உரிமை பெற்றன. அவர் டில்லியின் தலைவர் மட்டும் அல்லர். மாநிலங்களின் ஒன்றியத்துக்கும் தலைவர் ஆயினார்.

நேர்முகத் தேர்தலை வேண்டிய கே. டி. ஷா, 1952-இல் நடைபெற்ற முதற்குடியரசுத் தலைவர் தேர்தலில் தாமே வேட்பாளராக நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. தாம் விரும்பாத முறையாயினும், சட்டமாகிவிட்ட பின் அதற்குட்பட்டே அவர் போட்டியிட்டார். இராசேந்திர பிரசாத் 5,07,400 வாக்குகள் பெற்று வென்றார். ஷா 92,827 வாக்குகள் பெற்றார். கருத்து வேறுபாடு கொள்ளுதலும், முடிவானதற்கு அடங்கி நடத்தலும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில் பிறந்தோர் மூவர் இம்முறையின் வாயிலாக அப்பதவியை அடைந்துள்ளனர். திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் 1962-இலும், இராசாமடத்தில் பிறந்த இரா. வெங்கட்ராமன் 1987-இலும், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2002-இலும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவருள் தத்துவப் பேராசிரியராக விளங்கிய இராதாகிருஷ்ணனும், அறிவியலாளரான கலாமும் கட்சி அரசியலில் வளர்ந்தவர் அல்லர். நாடு முழுவதும் சுற்றி வாக்குக் கேட்கும் பொருள்வலியும் கட்சிவலியும் இல்லாத சான்றோர் ஒருவர் உயர்பதவி அடைதற்கு மறைமுகத் தேர்தல் இடந்தருகின்றது என்று அதனைப் போற்றுவோர் கூறுவது இதனாலேயே.

இனிப் பிற நாடுகளை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலும் ஒரு நல்லூர் உண்டு. கந்தசுவாமி கோயிலால் புகழ்பெற்றது அவ்வூர். விருத்தாசலத்து நல்லூரார்க்கு இல்லாத உரிமை ஒன்று யாழ்ப்பாணத்து நல்லூரார்க்கு உண்டு. அவர்கள் தம் நாட்டின் அதிபரை நேரே வாக்களித்துத் தேர்கின்றனர். இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதிபருக்குப் பேரதிகாரம் அளித்தது. அமைச்சரவையின் தலைவரும் அவரே. அப்பதவிக்கு முதல் நேர்முகத் தேர்தல் 1982-இல் நடைபெற்றது. அங்கும் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் நடைபெற்ற தேர்தலில், முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைக் கடவாமையால், முதன்முறையாக அடுத்த விருப்பங்களும் எண்ணப்பட்டன. அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றார். ஆனால், 2022-இல் மக்கள் கிளர்ச்சியால் கோத்தபாய ராசபக்ச பதவி விலகியபோது, எஞ்சிய காலத்துக்கு உரிய அதிபரைப் பாராளுமன்றமே தேர்ந்தது. அதில் இரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகள் பெற்றார். மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே பதவிக்கு இரு முறைகளையும் இலங்கை கண்டது.

சிங்கப்பூரின் வரலாறு இதனினும் தெளிவானது. அங்கு முன்னர்ப் பாராளுமன்றமே அதிபரைத் தேர்ந்தது. 1991-இல் அரசியலமைப்பைத் திருத்தி, நாட்டின் சேமிப்புச் செல்வத்தைக் காக்கும் அதிகாரத்தையும், உயர் நியமனங்களை மறுக்கும் அதிகாரத்தையும் அதிபருக்கு வழங்கினர். அதிகாரம் வழங்கியவுடன் தேர்தல் முறையையும் மாற்றினர். 1993-இல் மக்கள் முதன்முறையாக நேரே வாக்களித்தனர். இலங்கைத் தமிழ் மரபில் வந்த தர்மன் சண்முகரத்தினம், 2023-ஆம் ஆண்டின் தேர்தலில் 70.4 விழுக்காட்டு வாக்குகள் பெற்று அதிபரானார். அரசை மறுத்து நிற்க வேண்டிய ஒருவருக்கு மக்களின் நேர்வாக்குப் பின்வலியாக இருத்தல் வேண்டும் என்பதே அம்மாற்றத்தின் கருத்து. பிரான்சு நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1958-இல் தெகால் ஒரு தேர்வுக் குழுவால் தேரப்பட்டார். 1962-இல் மக்களின் கருத்தைக் கேட்டு, நேர்முகத் தேர்தலுக்கு மாறினர்.

இந்நாடுகளின் வரலாற்றால் ஒரு பொதுவிதி புலப்படும். அதிகாரம் மிகுந்தால் நேர்முகத் தேர்தல். அதிகாரம் குறைந்தால் மறைமுகத் தேர்தல். ஆயினும் இவ்விதிக்கும் விலக்கு உண்டு. அயர்லாந்தின் அதிபருக்கு அதிகாரம் மிகச் சிறிதே. எனினும் அவரை மக்களே நேரே தேர்கின்றனர். அங்குப் பல முறை போட்டியின்றியே தேர்வு நிகழ்ந்தமையும் உண்மை. ஆகவே, மக்கள் நேரே தேர்ந்தால் தலைவர் அமைச்சரவையோடு மோதியே தீர்வார் என்று கூறுதல் பொருந்தாது. மோதுவதற்கு இடம் உண்டு என்பதே பொருந்தும்.

தேர்வுக் குழுவால் வரும் இடர் யாது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகள் காட்டுகின்றன. அங்கு மக்கள் வாக்களிப்பினும், அதிபரைத் தேர்வோர் 538 தேர்வாளர்களே. பெரும்பாலான மாநிலங்களில், ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்ற வேட்பாளருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியவராவர். இதனால், நாடு முழுவதிலும் மிகுதியான மக்களின் வாக்கைப் பெற்றவர் தோற்றலும் கூடும். 2000-ஆம் ஆண்டில் அல் கோர், எதிர்த்து நின்ற ஜார்ஜ் புஷ்ஷைவிட ஏறத்தாழ 5 இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றும் தோற்றார். 2016-இல் இல்லரி கிளிண்டன், டொனால்டு டிரம்பைவிட ஏறத்தாழ 28 இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றும் தோற்றார். மக்கள் ஒருவரை விரும்ப, முறை மற்றொருவரை அமர்த்தினால், அம்முறையின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை தளர்தல் இயல்பே.

இந்தியத் தேர்வுக் குழு அமெரிக்கக் குழுவினின்றும் வேறுபட்டது. அங்குத் தேர்வாளர் அவ்வொரு பணிக்கென்றே அமர்த்தப்படுவர். பணி முடிந்தவுடன் கலைவர். இங்கு வாக்களிப்போர், மக்களின் அன்றாடக் குறைகளைத் தீர்க்கும் கடமை பூண்ட உறுப்பினர்களே. இங்கு ஒரு மாநிலத்தின் வாக்குகள் மொத்தமாக ஒருவரையே சேரா. ஒவ்வோர் உறுப்பினர் வாக்கும் தனித்தனியே எண்ணப்படும். வாக்களிப்பும் மறைவானது, இன்னாருக்கே வாக்களிக்க வேண்டும் என்று கட்சி, கொறடா வாயிலாக ஆணையிடுதல் இத்தேர்தலில் இல்லை.

எனினும், நம் முறையிலும் ஆராய வேண்டிய சிக்கல் ஒன்று உளது. வாக்கு மதிப்பு இன்றும் 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. குடும்பநலத் திட்டத்தை நன்கு நிறைவேற்றி மக்கள்தொகைப் பெருக்கத்தைக் குறைத்த மாநிலங்கள், அதனாலேயே தம் செல்வாக்கை இழத்தல் முறையன்று எனக் கருதி, 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் அவ்வெண்ணை நிலைநிறுத்தினர். பின்னர் 84-ஆவது திருத்தம், 2026-ஆம் ஆண்டிற்குப் பின் எடுக்கப்படும் முதற்குடிக்கணக்கின் எண்கள் வெளியாகும் வரை அதனை நீட்டித்தது.

புதிய மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிட்டால் யாது நேரும்? 2011-ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துக்கொண்டு, உறுப்பினர் தொகை மாறாதிருப்பதாகக் கொண்டால், தமிழ்நாட்டு உறுப்பினரின் வாக்கு மதிப்பு 176-இலிருந்து 308 ஆகும். உத்தரப் பிரதேச உறுப்பினருடையது 208-இலிருந்து 496 ஆகும். எண் உயர்ந்தது போல் தோன்றினும், ஒப்புநோக்கின் உண்மை விளங்கும். இன்று உத்தரப் பிரதேசம் பெற்றுள்ள மொத்த வாக்கு மதிப்பில் தமிழ்நாட்டின் மதிப்பு ஏறத்தாழ பாதி. புதிய கணக்கில் அது 36 விழுக்காடாகக் குறையும். ஒருவர்க்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்னும் நெறி ஒருபுறம். நற்செயல் செய்த மாநிலம் அதனால் தாழ்வுறலாகாது என்னும் நெறி மறுபுறம். இரண்டும் நேர்மையானவை. நேர்முகத் தேர்தல் வந்தாலும் இச்சிக்கல் தீராது. மக்கள் மிகுந்த மாநிலத்தின் குரலே அப்போதும் ஓங்கும். மாநிலங்களுக்கென்று தனி எடை இராமையால், இன்றைய பாதுகாப்பும் அப்போது இல்லாது போகும்.

ஆகவே, நேர்முகமோ மறைமுகமோ ஒன்றே எக்காலத்தும், எப்பதவிக்கும் சிறந்தது எனல் இயலாது. அப்பதவிக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, அதில் அமர்பவர் யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர், சிறுபான்மையோரும் சிறிய மாநிலங்களும் தம் குரல் கேட்கப்பட்டது என்று நம்புவரோ என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே முறையைத் தெரிதல் வேண்டும். ஊராட்சித் தலைவரைத் தெருவிளக்கும் குடிநீரும் வேண்டும் மக்களே நேரே தேர்வதும், அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கும் குடியரசுத் தலைவரை மக்களின் உறுப்பினர் தேர்வதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

மறைமுகத் தேர்தல் என்பதால் மக்களுக்கு அதில் பங்கில்லை என்று எண்ணுதல் தவறு. நல்லூர் வட்டாரத்து வாக்காளர் தம் சட்டமன்ற உறுப்பினரைத் தேரும்போது, சாலைக்கும் பள்ளிக்கும் பாசனத்துக்கும் குரல் கொடுக்க ஒருவரை அனுப்புகின்றார். அதனோடு, நாட்டின் தலைவரைத் தேரும் 176 வாக்குகளையும் அவ்வொருவர் கையிலேயே கொடுத்தனுப்புகின்றார். கையூட்டுக்கும் சாதிப்பற்றுக்கும் அடிமைப்பட்டு அவ்வுறுப்பினரைத் தேர்ந்தால், அக்கறை சென்னையோடு நில்லாது. குடியரசுத் தலைவர் மாளிகை வரை செல்லும். வாக்கு மதிப்பை எந்த ஆண்டின் மக்கள்தொகையால் கணக்கிடுவது என்னும் வினாவுக்கும் விரைவில் விடை காண வேண்டிவரும். அதனைத் தீர்மானிக்கும் மன்றங்களைத் தேரும் பொறுப்பு, இன்று பள்ளியில் பயிலும் மாணவர் பலரைச் சாரும். அவர்கள் கணக்கையும் அறிந்து, அதன் பின்னுள்ள நீதியையும் உணர்ந்து வாக்குச்சாவடிக்குச் செல்வாராயின், எம்முறையிலும் மக்களாட்சி தழைக்கும்.